கொண்ட்ரோலர் வாங்குமுன் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் எழும்பும் புது வீடுகள் பலவற்றில் இப்போது 'ஸ்மார்ட் ஹோம்' கேட்கிறார்கள். மாலையானால் விறாந்தை லைட் தானாக எரிய வேண்டும், தண்ணீர்த் தாங்கி தானாக நிறைய வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கிருந்தே கேட்டைத் திறந்துவிட வேண்டும். இவை எல்லாவற்றையும் கட்டி ஆளும் பெட்டிதான் மத்திய கொண்ட்ரோலர். சுவர் பூசி, பெயின்ற் அடித்து, குடிபுகும் நாளும் குறித்த பிறகுதான் அதைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது. அதற்குள் பாதி வேலை கெட்டுப் போயிருக்கும். கொண்ட்ரோலர் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். ஆனால் அதற்கான ஆயத்தம், வயர் போகும் குழாயான கொண்டியூட்டைப் பதிக்கச் சுவர் வெட்டும் நாளிலேயே தொடங்க வேண்டும்.

முதல் காரியம் நியூட்ரல் வயர், அதாவது லைவ் வயரில் வரும் மின்னோட்டம் திரும்பிப் போகும் வயர். நமது வீடுகளில் லைவ் வயர் சுவிட்சுக்கு இறங்கி, அங்கிருந்து திரும்பி லைட்டுக்கு ஏறும். நியூட்ரல் சுவிட்ச் பக்கம் வருவதே இல்லை, கூரைக்குள் ஒரு லைட்டிலிருந்து மற்ற லைட்டுக்குப் போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் சுவிட்சோ, சுவிட்சுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, கட்டளைக்கு லைட்டைப் போட்டு அணைக்கும் ரிலே மொடியூலோ அப்படியல்ல. லைட் அணைந்திருக்கும்போதும் அதற்குள் இருக்கும் ரேடியோ விழித்திருக்க வேண்டும், அதற்கு லைவும் நியூட்ரலும் சேர்ந்து தேவை. நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் சுவிட்சுகளும் கடையில் கிடைக்கின்றன. அவை லைட்டின் ஊடாகவே சிறிய மின்னோட்டத்தை இழுத்து உயிர் பிழைக்கும். பழைய குமிழுக்கு அது தெரியாது. 5 வோட், 7 வோட் எல்.ஈ.டி. மாட்டினால், அணைத்த பிறகும் இரவில் மங்கலாக மின்னிக்கொண்டிருக்கும், அல்லது சிமிட்டும். அந்தச் சிறு மின்னோட்டத்துக்கு மாற்று வழி கொடுக்கும் பைபாஸ் கபாசிட்டர் ஒன்றை லைட்டுக்குக் குறுக்கே போட்டால் பெரும்பாலும் நிற்கும். ஆனால் அந்த வகைச் சுவிட்சுகள் பொதுவாக மற்றக் கருவிகளின் சிக்னலைக் கடத்திக் கொடுக்காது. அதனால் வரும் கஷ்டத்தைக் கீழே சொல்கிறோம்.

ஆகவே வீடு கட்டுபவர்கள் வயரிங் செய்பவரிடம் ஒரு வரியில் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இறக்குங்கள், இப்போது தேவையில்லாவிட்டாலும் முனையை மூடி உள்ளே சுருட்டி வையுங்கள். லைட் சுற்றுக்குப் போடும் அதே 1/1.13 வயர் போதும். சுவிட்சுக்குப் பின்னால் சுவருக்குள் பதிக்கும் சங்க் பொக்ஸையும் ஆழமானதாகப் போடச் சொல்லுங்கள். ஒரு அங்குல ஆழப் பெட்டியில் சுவிட்சும் வயர்களும் போக மொடியூலுக்கு இடம் இராது. திணித்து மூடினால் சூட்டுக்கு வழியில்லை, திருகாணிக்கு அடியில் இருக்கும் வயரும் இழுபட்டுத் தளரும். 47 மில்லிமீற்றர் ஆழப் பெட்டி கிடைத்தால் அதுவே நல்லது.

கட்டி முடிந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இது உயிர் போகும் விஷயம். சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லை. அதே பெட்டிக்கு எர்த் வயர் இறக்கியிருந்தால் அந்தப் பச்சை வயர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். மொடியூலின் நியூட்ரல் முனையை அதில் கொழுவிவிட்டால் உடனே வேலை செய்யும். போனில் தட்டினால் லைட் எரியும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஒரு மொடியூல் இழுப்பது சில மில்லி அம்பியர்தான், அதனால், எர்த்துக்கு மின்னோட்டம் கசிந்தால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் முதலில் வாய் திறக்காது. நாலைந்து மொடியூல் சேர்ந்த பிறகு, காரணம் தெரியாமல் இரவில் விழத் தொடங்கும். 30 என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எங்கேயும் அது விழலாம். ட்ரிப் விழுவதோடு போனால் அதிர்ஷ்டம். எர்த் வயர் எங்காவது கழன்றுவிட்டால், கழன்ற இடத்துக்கு இந்தப் பக்கம் அதில் தொடுத்திருக்கும் பிரிட்ஜ், வோஷிங் மெஷின், கேத்தல் எல்லாவற்றின் உலோக உடம்புக்கும் மொடியூல் வழியாக மின்சாரம் ஏறும். நியூட்ரல் இல்லையா, இல்லாத இடத்துக்கு ஏற்ற சுவிட்சைப் போடுங்கள், அல்லது கூரைக்குள் ஏறி மொடியூலை லைட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், நியூட்ரல் அங்கே இருக்கிறது. பச்சை வயரைத் தொடாதீர்கள்.

பக்கத்து அறை பிளக்கிலிருந்து நியூட்ரலை 'கடன்' எடுப்பது இன்னொரு வழக்கம். லைவ் ஒரு ட்ரிப் சுவிட்சின் கீழும் நியூட்ரல் இன்னொன்றின் கீழும் இருந்தால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்துவராமல் இரண்டுமே விழலாம். ஒரே ட்ரிப்பின் கீழ் இருந்தால் விழாது, ஆனால் பிளக் சுற்றின் பிரேக்கரை அணைத்துவிட்டு வேலை செய்பவர் அந்த நியூட்ரலைக் கழற்றும்போது, லைட் சுற்றிலிருந்து மொடியூல் வழியாக வரும் கறண்ட் அவரை அடிக்கும்.

அடுத்தது எர்த். இங்கே வீட்டுக்கு வீடு சொந்த எர்த் கம்பிதான். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோர மணலில் நாலடிக் கம்பியை அடித்துவிட்டு மாரியில் மண்ணோடு அதன் தடையை அளந்தால் நல்ல எண் காட்டும். கச்சான் காற்று வீசி மேல்மணல் காய்ந்த பிறகு அளந்தால் கதை வேறு. கம்பியின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைவ் வயர் உலோகத்தில் முட்டினால் ஓடுவது 230ஐ 100ஆல் வகுத்த 2.3 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. அந்த வீட்டில் ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதன் 'ரி' (T) பொத்தானை அமத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் சரி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பொத்தான் ட்ரிப்பின் பொறியை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் வயரை வெட்டிப் போட்டாலும் பொத்தானுக்கு ட்ரிப் விழும். எர்த் மீற்றர் வைத்து, வரட்சிக் காலத்தில், ஈரமண் மட்டத்துக்குக் கீழே கம்பி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பி போதாவிட்டால் பூட்டி நீட்டும் கம்பிகளை வாங்கி ஆழமாக அடியுங்கள். உப்பும் கரியும் கொட்டுவது ஒரு மாரிக்குத்தான், மழை உப்பைக் கழுவிவிடும், மிச்சம் கம்பியை அரிக்கும்.

கொண்ட்ரோலருக்கு எர்த் எதற்கு என்று கேட்கலாம். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் இங்கே விழும் இடிக்காகத்தான். பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. போர்டில், இடியால் ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்கு இறக்கும் டைப் 2 சேர்ஜ் அரெஸ்டர் ஒன்று போட வேண்டும். ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் போடுவதென்றால், லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வாரிஸ்டரும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வாயுக் குழாயும் (இரண்டும் மின்னழுத்தம் மிஞ்சினால் மட்டும் வழிவிடும் பாகங்கள்) உள்ள வகையையே வாங்குங்கள், நமது எர்த் முறைக்கு அதுதான் சரி. அதற்குப் போகும் வயரும் அதிலிருந்து எர்த் பட்டைக்கு வரும் வயரும் கூட்டிப் பார்த்தால் அரை மீற்றருக்கு மேல் போகக் கூடாது. அழகுக்காக வளைத்து வளைத்துக் கட்டினால் இடி அந்த வளைவைச் சுற்றி நிற்காது, ரவுட்டருக்குள் போய்விடும். அரெஸ்டரின் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அது தன் கடமையை முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். பைபர் இணைப்புள்ள வீட்டில் அந்த வழியாக இடி வராது. செப்புத் தொலைபேசி வயர் இன்னும் இருந்தால் அதற்கும் தனியாகத் தடுப்பு வேண்டும்.

டி.பி. போர்டில் கொண்ட்ரோலருக்கும் ரவுட்டருக்கும் என்று தனியாக 6 அம்பியர் பிரேக்கர் ஒன்றை ஒதுக்குங்கள், முடிந்தால் தனி ட்ரிப்பும். வீடு முழுக்க ஒரே ட்ரிப் என்றால் மழை நனைத்த தோட்ட லைட் ஒன்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். கேட் மோட்டரும் கமெராவும் அப்போதுதான் தேவைப்படும்.

இனிப் பெட்டியைத் தெரிவு செய்வது. எங்கள் கருத்து பக்கச்சார்பானதுதான்: இன்ரநெற் இல்லாமலே வீட்டுக்குள் தீர்மானம் எடுக்கும் கொண்ட்ரோலரைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். மலிவான வைஃபை சுவிட்சுகள் பலவற்றில், நீங்கள் போனில் தட்டும் கட்டளை வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்குப் போய்த் திரும்பி வந்துதான் உங்கள் சாப்பாட்டறை லைட்டை எரிக்கிறது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். மின்சாரம் போனால் போன் கோபுரங்களின் சிக்னலும் கொஞ்ச நேரத்தில் மெலிந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டு லைட்டுக்குக் கடல் கடந்து அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

வீட்டுக்குள்ளேயே இயங்குவதில் ஹோம் அசிஸ்டன்ட் இலவச மென்பொருள். ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் போடலாம், அல்லது அதற்கென்றே வரும் 'கிரீன்' பெட்டியை வாங்கலாம். கிரீனில் வைஃபையும் இல்லை, சுவிட்சுகளோடும் சென்சர்களோடும் பேசும் ஸிக்பீ ரேடியோவும் இல்லை, ரேடியோவுக்குத் தனி யூ.எஸ்.பி. டொங்கிள் வாங்க வேண்டும். ஆனால் அது 12 வோல்ட்டில் ஓடுகிறது, அதனால் வரும் வசதியைப் பிறகு பார்க்கலாம். ராஸ்பெரி பையில் போடுவதென்றால் மெமரி கார்ட்டை நம்ப வேண்டாம், ஓயாமல் எழுதி அழித்து, திடீர் மின்தடையும் சேர்ந்து கார்ட் செத்துப்போகும். சிறிய எஸ்.எஸ்.டி. போடுங்கள். அடப்டர் 5 வோல்ட் 3 அம்பியர் ஒறிஜினலாக இருக்கட்டும். பழைய போன் சார்ஜரில் ஓடும் பை, காரணமில்லாமல் தொங்கித் தொங்கி நிற்கும்.

வெளிநாட்டுப் பொதியில் வரும் சாமான் பற்றி ஒரு சொல். கனடாவிலிருந்து மருமகன் அனுப்பும் சுவிட்ச் 120 வோல்ட்டுக்கானது, நமது 230இல் புகைதான் வரும். ஸிக்பீ போல இன்னொரு ரேடியோ முறையான இஸட்வேவ் வகை என்றால் நாட்டுக்கு நாடு அலைவரிசையும் வேறு: வட அமெரிக்காவில் 908.42, ஐரோப்பாவில் 868.42, அவுஸ்திரேலியாவில் 921.4 மெகாஹேர்ட்ஸ். லண்டன் கொண்ட்ரோலரும் மெல்பேர்ன் சென்சரும் ஒன்றோடொன்று பேசாது. ஸிக்பீ உலகமெங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ், அதனால் பொதிகளைக் கலந்து வாங்குபவர்களுக்கு அதுவே பொருந்தும்.

பெட்டியை வைக்கும் இடம் வீட்டின் நடு. இரும்பு டி.பி. போர்டுக்குள் வைத்துப் பூட்டினால் ரேடியோ வெளியே வராது. சூட்டுக்காகத் தகட்டுக் கூரையின் கீழ் ஒட்டும் வெள்ளித்தாளும், கொங்கிறீட் சிலாப்புக்குள் இருக்கும் கம்பி வலையும் சிக்னலை விழுங்கும். மேல்மாடி இருந்தால் படிக்கட்டு வெளிக்கு நேரே வையுங்கள். ரவுட்டரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளியிருக்கட்டும், ஆனால் இணைப்பு வைஃபையில் வேண்டாம், லான் கேபிள் போடுங்கள். டொங்கிளைப் பெட்டியில் நேரே செருகாமல் ஒரு மீற்றர் யூ.எஸ்.பி. நீட்டுக் கேபிளில், கறுப்பு நிற யூ.எஸ்.பி. 2 துளையில் மாட்டுங்கள். நீல நிற யூ.எஸ்.பி. 3 துளைகள் 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் போடும். 'சென்சர் பழுது' என்று திருப்பிக் கொடுக்கப்படும் சாமான்களில் ஒரு பங்கு இந்த நீட்டுக் கேபிள் இல்லாததால்தான் பழுதாகத் தெரிகிறது.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் பதறக் கூடாது. முதல் தடவை அது தன் மென்பொருளை இறக்கிக்கொள்ள இருபது நிமிடம் வரை பிடிக்கும். இடையில் அணைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம். பிறகு கணினியில் homeassistant.local:8123 என்ற முகவரியைத் (8123 என்பது வாசல் எண்) திறந்தால் கணக்கு உண்டாக்கச் சொல்லும். நேர வலயம் ஆசியா/கொழும்பு, இடத்தை வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேலேயே குத்துங்கள். மட்டக்களப்பில் நவம்பரில் 5.40 மணிக்கே பொழுது சாயும், ஜூலையில் 6.25 ஆகும். '6 மணிக்கு லைட்' என்று போடாமல் 'சூரியன் மறைந்ததும்' என்று போட்டால் வருடம் முழுக்கக் கை வைக்கத் தேவையில்லை. ரவுட்டரில் பெட்டிக்கு மாறாத ஒரே ஐ.பி. எண்ணை (வீட்டு வலையில் அதன் முகவரியை) ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் போன் பெட்டியைத் தேடித் திரியும்.

ஸிக்பீ பேசும் அலைவரிசை எண்ணான சனலை முதலிலேயே தீர்மானியுங்கள். ரவுட்டரின் வைஃபையை 'ஓட்டோ'வில் விடாமல் 1 அல்லது 6இல் நிறுத்தி, ஸிக்பீயை 20 அல்லது 25இல் வைத்தால் இரண்டும் முட்டாது. முப்பது கருவி சேர்த்த பிறகு சனலை மாற்றினால் சிலவற்றைத் திரும்ப ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டி வரும். சேர்க்கும் ஒழுங்கும் முக்கியம். நேரடி மின்சாரத்தில் ஓடும் சுவிட்சுகளும் பிளக்குகளும்தான் சிக்னலை அடுத்தவருக்குக் கடத்தும். பெட்டிக்கு அருகிலுள்ள அவற்றை முதலில் சேர்த்து, வெளிநோக்கிப் போங்கள். பற்றரியில் ஓடும் கதவுச் சென்சர்களைக் கடைசியில், அவை இருக்கப் போகும் இடத்திலேயே வைத்துச் சேருங்கள். நியூட்ரல் இல்லாத சுவிட்சுகள் நிறைந்த வீட்டில் இந்தக் கடத்தல் சங்கிலி அறுந்து போகும், கிணற்றடிச் சென்சர் காலையில் இருக்கும், மத்தியானம் காணாமல் போகும். நடுவில் ஒரு ஸ்மார்ட் பிளக்கைச் செருகினால் சரியாகும். ஒவ்வொன்றுக்கும் 'முன் விறாந்தை லைட்', 'குசினி பின்கதவு' என்று வீட்டார் சொல்லும் பெயரையே வையுங்கள்.

தண்ணீர் மோட்டர் தனிக் கதை. ஒரு குதிரை வலு மோட்டர் ஓடும்போது ஐந்து, ஆறு அம்பியர்தான், ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுக்கும். 10 அம்பியர் என்று எழுதிய ஸ்மார்ட் ரிலேயை நேரே போட்டால் கொஞ்ச மாதத்தில் அதன் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும். போன் 'அணைந்துவிட்டது' என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் காந்தச் சுவிட்சான கொன்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும், மோட்டரை 25 அம்பியர் கொன்டாக்டர் தாங்கட்டும். தாங்கியில் இருக்கும் மிதவைச் சுவிட்சைக் கழற்றி எறியாதீர்கள். அது சுருளின் பாதையிலேயே தொடராக நிற்க வேண்டும். மென்பொருள் தவறினாலும் தண்ணீர் வழியாது. கிணறு வற்றும் காலத்துக்கு, இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்து என்ற கட்டளையும் வேண்டும்.

மின்சாரம் திரும்பி வரும்போது ஒவ்வொரு கருவியும் என்ன நிலையில் எழ வேண்டும் என்பது அமைப்பில் ஒரு வரி. அதைப் பார்க்காமல் விட்டால் அதிகாலை இரண்டு மணிக்குக் கறண்ட் வர, வீட்டு லைட் எல்லாம் ஒன்றாக எரிந்து பிள்ளைகளை எழுப்பும். லைட்டுக்கு 'முன்னைய நிலை', மோட்டருக்கும் கேட்டுக்கும் 'அணைந்த நிலை'. ராஸ்பெரி பை 4க்குள் கடிகாரம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இன்ரநெற் வரும்வரை அதற்கு நேரம் தெரியாது, தோட்ட லைட்டைப் பட்டப்பகலில் எரிக்கும். சிறிய கடிகார மொடியூல் ஒன்றைப் பூட்டலாம், அல்லது அது அணையவே விடாமல் பற்றரி கொடுக்கலாம்.

கணினிக்கு வைக்கும் 650 வீ.ஏ. யூ.பி.எஸ். இதற்குப் பொருத்தமல்ல. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரியில் 84 வோட்-மணிதான். அதை 230க்கு ஏற்றி, திரும்ப அடப்டர் 12க்கு இறக்குவதில் நிறைய வீணாகும். ரவுட்டரும் கிரீன் பெட்டியும் 12 வோல்ட்டிலேயே ஓடுவதால், 12 வோல்ட் சிறு டி.சி. யூ.பி.எஸ். ஒன்று இரண்டையும் அதே பற்றரி அளவில் அதிக நேரம் தாங்கும். வாங்குமுன் உங்கள் ரவுட்டரின் அடப்டரில் 12 என்றுதான் எழுதியிருக்கிறதா, எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டர்களும் உண்டு.

உப்புக் காற்றையும் எறும்பையும் பல்லியையும் பற்றி எந்த விளக்கக் கையேட்டிலும் இராது. கடலுக்குக் கிட்டிய வீடுகளில் வெளிப்புறப் பெட்டிகள் தூசும் தண்ணீர் வீச்சும் புகாத ஐ.பி. 65 தரத்தில், வயர் கீழிருந்து ஏறும்படி இருக்க வேண்டும். மேலிருந்து நுழைத்தால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். இழைவயர் முனைகளுக்கு, இழைகளைச் சேர்த்து இறுக்கும் சிறு குழாயான பெரூல் அடியுங்கள். கொண்டியூட் வாயை அடைத்துவிடுங்கள், இளஞ்சூட்டுக்கு எறும்பு ரிலேக்குள் கூடு கட்டும்.

கடைசியாகச் சாவி. சில இடங்களில் கொண்ட்ரோலரின் முதன்மைக் கணக்கு பூட்டியவரின் மின்னஞ்சலிலேயே இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கிடைப்பது லைட்டைத் தட்டும் உரிமை மட்டும். பூட்டியவர் கட்டாருக்குப் போய்விட்டால் ஒரு சுவிட்சைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. உங்கள் கமெராவை அவர் அங்கிருந்து பார்க்கவும் முடியும். முதன்மைக் கணக்கு வீட்டுக்காரர் பெயரில், அவர் முன்னாலேயே உண்டாக்கப்பட வேண்டும். பேக்கப் கோப்பு பூட்டோடுதான் வரும், அதைத் திறக்கும் நீண்ட சொல்லைத் தாளில் அச்சடித்து வீட்டு உறுதியோடு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் வாசலை (போர்ட்) வெளியுலகுக்குத் திறந்து விடும் வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள். பூட்டிய தனிப் பாதை தரும் வயர்கார்ட் போன்ற வீ.பி.என். போதும்.

வேலையைக் கையேற்கும் அன்று மூன்றைச் செய்து பாருங்கள். கொண்ட்ரோலரின் வயரைக் கழற்றிவிட்டு வீட்டில் மூத்தவரான அம்மம்மாவைச் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள், லைட் எரிய வேண்டும். கொண்ட்ரோலரைத் திரும்பப் பூட்டி, இன்ரநெற் கேபிளை மட்டும் கழற்றி, வீட்டு வைஃபையில் நிற்கும் போனிலிருந்து தட்டுங்கள், அப்போதும் எரிய வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள், மோட்டர் தானாகக் கிளம்பக் கூடாது. இந்த மூன்றும் சரிவரும்வரை கடைசித் தவணைப் பணத்தை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
மின்னிணைப்பு வேலை செய்வோர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.